காலைக் குளிரில் முரண்டு பிடிக்கும் ஆயில் இன்ஜின்

மார்கழி, தை மாதங்களில் காரைக்குடி வட்டார உழவர்கள் விடியலில் இறவைக்கு முனையும்போது, ஆயில் இன்ஜின் சில நாள் கிளம்ப மறுக்கும். அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் தீப்பற்றும். குளிரில் அச்சூடு குறைகிறது. ஹேண்டிலைச் சுற்றும்போது புகையைக் கவனியுங்கள்.

1. புகையே இல்லை: டீசல் போய்ச் சேரவில்லை. டாங்கி, பில்டரைப் பார்த்து, பம்பின் காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை டீசலை வெளிவிடவும்.

2. வெண்புகை: டீசல் போகிறது; எரியவில்லை. டீகம்ப்ரஷன் லீவரை விட்டபின்னும் ஹேண்டில் இலகுவாகச் சுற்றினால், வால்வு அல்லது பிஸ்டன் ரிங் கசிகிறது. இறுக்கம் சரியானால் நாசிலைச் சோதிக்கவும்.

3. கிளம்பியபின் கரும்புகை: காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யவும்.

காற்றுக் குழாயில் பெட்ரோல் ஊற்றாதீர்கள், தீப்பந்தம் காட்டாதீர்கள். கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்து ஹேண்டிலைப் பிடியுங்கள். இன்ஜின் திருப்பி உதைத்தால் கை தப்பும்.