ஈரம் கவரும் சிறுபொதி

நுழையும்முன்

புதிய காலணி வாங்கி வருகிறோம். பெட்டியைத் திறந்தால் மூலையில் ஒரு சிறிய வெள்ளைப் பொதி கிடக்கிறது. அதைக் குலுக்கினால் மணிகள் உருளும் ஓசை கேட்கிறது. அதன்மேல் ‘உண்ணக் கூடாது’ என்னும் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது. நம்மில் பலர் அதை உடனே குப்பையில் எறிந்துவிடுகிறோம். அப்பொதிக்குள் இருப்பது யாது? அது நம் வீட்டில் மேலும் சில காலம் பயன்தர இயலுமா? இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

தகரப் பெட்டியும் கடிதங்களும்

மும்பை நகரின் செம்பூர்ப் பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. திருநெல்வேலிச் சீமையில் இருந்த ஆச்சி, மும்பையில் வாழும் மகளுக்குப் பல ஆண்டுகள் கடிதம் எழுதினார். அக்கடிதங்கள் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் வைக்கப்பட்டிருந்தன. ஆச்சி இப்போது இல்லை. ஆறாம் வகுப்பில் பயிலும் பேத்தி, பள்ளியில் தமிழ் எழுத்துகளைக் கற்றபின், அக்கடிதங்களைத் தானே படிக்க விரும்பினாள்.

ஆடி மாதத்து மழைநாள் ஒன்றில் தாயும் மகளும் பெட்டியைத் திறந்தனர். பூஞ்சை வாடை வீசியது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மேலே இருந்த இரண்டு கடிதங்களில் மை கரைந்து பரவியிருந்தது.

“அம்மா, இந்த வரியில் ஆச்சி என்ன எழுதியிருக்கிறார்கள்? எனக்குப் படிக்க வரவில்லையே!”

“எனக்கும் தெரியவில்லை, கண்ணு. ‘பிள்ளை’ என்னும் சொல் மட்டும் தெரிகிறது. மற்றவை கரைந்துவிட்டன.”

“மீதிக் கடிதங்களாவது பிழைக்குமா, அம்மா?”

“பிழைக்கும். ஆனால் இன்றே ஈரத்தைப் போக்க வேண்டும்.”

தாய் கடிதங்களை மெல்லப் பிரித்தார். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டார். கடும் வெயில் பட்டால் மை வெளுக்கும் என்பதால், கூடத்தில் மின்விசிறியின் கீழ்க் கடிதங்களைத் தனித்தனியே பரப்பி உலர்த்தினார். நன்கு உலர்ந்தபின் மென்மையான தூரிகையால் பூஞ்சையைத் துடைத்தார். பின்னர், இறுக மூடும் நெகிழிப் பெட்டி ஒன்றில் கடிதங்களை அடுக்கினார். மகள் தான் சேர்த்து வைத்திருந்த சிலிக்கா ஜெல் பொதிகளைக் கொண்டுவந்து பெட்டியின் நான்கு மூலைகளிலும் வைத்தாள்.

ஈரம் எங்கிருந்து வந்தது?

பெட்டிக்குள் யாரும் நீர் ஊற்றவில்லை. பிறகு எவ்வாறு ஈரம் வந்தது? காற்றில் எப்போதும் நீராவி கலந்திருக்கும். மும்பையில் சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பெய்கிறது. கடலோர நகரமாகையால், சூலை மாதத்தில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். தகரப் பெட்டியின் மூடி இடுக்கு வழியே அக்காற்று உள்ளே புகுகிறது. தாள் அந்நீராவியை ஏற்றுக்கொள்கிறது. ஈரமான தாளில் பூஞ்சை வளர்கிறது. கொல்கத்தா, கொச்சி முதலிய நகரங்களில் வாழ்வோரும் இத்தொல்லையை நன்கு அறிவர்.

சிலிக்கா ஜெல் என்பது யாது?

மணலின் முதன்மைப் பொருள் சிலிக்கன் டை ஆக்சைடு. சிலிக்கா ஜெல்லும் அதே பொருளால் ஆனதே. ‘ஜெல்’ என்னும் பெயர் இருந்தாலும் அது கூழ் போன்றது அன்று. கெட்டியான சிறு மணிகளாக இருக்கும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக விளங்கிய வால்ட்டர் பேட்ரிக் என்பவர், அதனைத் தயாரிக்கும் முறைக்கு 1919ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்.

ஒவ்வொரு மணியிலும் கண்ணுக்குப் புலப்படாத எண்ணற்ற நுண்துளைகள் உள்ளன. ஒரு கிராம் மணிகளில் உள்ள துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் பரப்ப முடிந்தால், அப்பரப்பு ஏறத்தாழ 700 சதுர மீட்டர் இருக்கும். அஃதாவது, எட்டு இறகுப்பந்து ஆடுகளங்களைவிடப் பெரியது! காற்றிலுள்ள நீர் மூலக்கூறுகள் அச்சுவர்களில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. பஞ்சு நீரைத் தன்னுள் இழுத்துக்கொள்வது ‘உறிஞ்சுதல்’. மணியின் பரப்பில் நீர் ஒட்டிக்கொள்வது ‘பரப்புக் கவர்தல்’. இவ்விரண்டும் வேறு வேறு.

மிகுந்த ஈரக் காற்றில் சிலிக்கா ஜெல் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீரைக் கவரும். அதற்குமேல் அதனால் இயலாது. எனவே, திறந்த அலமாரியில் பொதியை வைப்பதால் பயனில்லை. அறையிலுள்ள ஈரம் முழுவதும் அதை நோக்கி வரும். விரைவில் பொதி நிறைந்துவிடும். காற்றுப் புகாத சிறிய கலத்திலேயே அது நன்கு பணிபுரியும். அது பூஞ்சையைக் கொல்வதும் இல்லை. பூஞ்சை வளரத் தேவையான ஈரத்தை நீக்குகிறது. ஆகவே பொருளை முதலில் உலர்த்த வேண்டும்; பிறகே பொதியோடு வைக்க வேண்டும்.

எங்கெல்லாம் பயன்படும்?

பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், குடும்ப அட்டை ஆகியவற்றை உறையிலிட்டு, பொதியோடு இறுக மூடும் பெட்டியில் வைக்கலாம். பழைய நிழற்படங்கள் ஒட்டாமல் இருக்கவும், ஒளிப்படக் கருவியின் வில்லையில் பூஞ்சை படராமல் இருக்கவும் அது துணைசெய்யும். திருப்புளி, சுத்தியல் முதலிய கருவிகள் துருப்பிடிப்பதைக் குறைக்கும். கொலு முடிந்தபின் பொம்மைகளைத் தாளில் சுற்றி, நெகிழிப் பையில் இட்டுக் கட்டும்போது ஒரு பொதியையும் உடன் வைக்கலாம். அடுத்த ஆண்டு விதைப்பதற்காகச் சேர்த்த வெண்டை, அவரை விதைகளையும் இவ்வாறே கண்ணாடிக் குப்பியில் காக்கலாம்.

மீண்டும் உயிர்பெறும் பொதி

நீர் நிறைந்த மணிகளைச் சூடாக்கினால், ஒட்டியிருந்த நீர் ஆவியாகி வெளியேறும். மணிகள் மீண்டும் ஈரம் கவரும். பெரியவர்கள் மணிகளைப் பொதியிலிருந்து ஓர் எஃகுத் தட்டில் கொட்டி, மின்னடுப்பில் ஏறத்தாழ 120 பாகை செல்சியசு வெப்பத்தில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் வைத்து உலர்த்துவர். ஆறியவுடன் மணிகளைத் துணிப்பையில் கட்டி, உடனே இறுக மூடிய குப்பியில் இட வேண்டும். பொதியோடு சூடாக்கினால் உறை உருகலாம் அல்லது தீப்பற்றலாம். கோடை வெயிலில் காயவைத்தால் ஓரளவு ஈரம் போகும், முழுவதும் போகாது.

பொதி நிறைந்துவிட்டதா என்பதை எடையால் அறியலாம். பத்துப் பொதிகளைப் புதிதாக இருக்கும்போது ஒன்றாக நிறுத்து, எடையையும் நாளையும் குறித்துவையுங்கள். மாதம் ஒருமுறை மீண்டும் நிறுத்துப் பாருங்கள். எடை ஏறினால் அது கவர்ந்த நீரின் எடை.

கவனத்தில் கொள்க

1. பொதியை வாயில் வைக்காதீர்கள். சிறு குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். மணிகள் தொண்டையில் அடைக்கக்கூடும்.
2. உப்பு, சர்க்கரை, அரிசி முதலிய உணவுப் பொருள்களுக்குள் பொதியை இடாதீர்கள்.
3. நீல நிற மணிகளில் கோபால்ட் குளோரைடு கலந்திருக்கும். ஈரம் பட்டால் அவை இளஞ்சிவப்பாக மாறும். அச்சேர்மம் உடலுக்குத் தீங்கானது. அத்தகைய பொதியைப் பிரிக்காதீர்கள், சூடாக்கவும் வேண்டாம்.
4. எல்லாப் பொதிகளும் சிலிக்கா ஜெல் அல்ல. சில தின்பண்ட உறைகளில் சுட்ட சுண்ணாம்புத் தூள் இருக்கும். அதில் நீர் பட்டால் கடும் வெப்பம் உண்டாகித் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். வேறு சிலவற்றில் இரும்புத் தூள் இருக்கும். ‘சிலிக்கா ஜெல்’ என்று அச்சிட்டு, உள்ளே மணிகள் உள்ள பொதியை மட்டும் சேர்த்துவையுங்கள்.

ஈரம்: ஒரு சொல், இரு பொருள்

தமிழில் ‘ஈரம்’ என்னும் சொல் நனைந்த தன்மையைக் குறிக்கும். அன்பையும் இரக்கத்தையும் குறிக்கும். ‘நெஞ்சில் ஈரம் இல்லாதவன்’ என்று நாம் கூறுவது இரண்டாம் பொருளில்தான். திருவள்ளுவரும் ‘இனியவை கூறல்’ அதிகாரத்தில் இச்சொல்லை அன்பு என்னும் பொருளில் ஆள்கிறார்.

மழை ஓய்ந்தபின் அம்மாணவி பெட்டியைத் திறந்தாள். தாள்கள் மொரமொரப்பாக இருந்தன. முதற் கடிதத்தை எடுத்து, எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தாள். தாய் அருகில் அமர்ந்து கேட்டார். தாளில் இருந்த ஈரம் போயிற்று; ஆச்சியின் சொல்லில் இருந்த ஈரம் அப்படியே இருந்தது.

சொற்பொருள்

பொதி – சிறு கட்டு, மூட்டை
பேத்தி – மகளின் அல்லது மகனின் மகள்
ஒப்பு ஈரப்பதம் – காற்று கொள்ளக்கூடிய நீராவியில் இப்போது உள்ள பங்கு
தூரிகை – மயிரால் ஆன எழுதுகோல்
வில்லை – ஒளியைக் குவிக்கும் கண்ணாடி
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தகரப் பெட்டிக்குள் ஈரம் எவ்வாறு புகுந்தது?
2. கடிதங்களைத் தாய் ஏன் வெயிலில் காயவைக்கவில்லை?
3. உறிஞ்சுதல், பரப்புக் கவர்தல் – வேறுபாடு யாது?

ஆ. காரணம் கூறுக.
1. திறந்த அலமாரியில் வைத்த பொதி பயன்தருவதில்லை.
2. தின்பண்ட உறையிலுள்ள எல்லாப் பொதிகளையும் சேர்த்துவைக்கக் கூடாது.

இ. பிரித்து எழுதுக.
ஈரப்பதம், மழைநாள், தகரப்பெட்டி, ஒன்றோடொன்று

ஈ. கணக்கிடுக.
புதிதாக 50 கிராம் எடையிருந்த பத்துப் பொதிகள், ஒரு மாதத்திற்குப் பின் 60 கிராம் ஆயின. அவை கவர்ந்த நீர், முதல் எடையில் எத்தனை விழுக்காடு?

உ. ‘ஈரம்’ என்னும் சொல்லை இரு பொருளிலும் அமைத்து இரண்டு தொடர்கள் எழுதுக.

ஊ. செயல்பாடு
உங்கள் வீட்டில் தமிழில் எழுதப்பட்ட பழைய கடிதம், நாட்குறிப்பு அல்லது சமையற் குறிப்பு உள்ளதா எனப் பெரியவர்களிடம் கேட்டறிக. அஃது எங்கே, எவ்வாறு வைக்கப்பட்டுள்ளது என்று பார்க்க. அதன் முதல் ஐந்து வரிகளைப் பிழையின்றிப் பார்த்தெழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.