இறகுப்பந்து ஏன் எல்லை தாண்டியது?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி இறகுப்பந்து அணியுடன் ஒரு நட்புப் போட்டிக்காக உதகைக்குச் சென்றிருந்தேன். சமவெளியில் நன்றாக ஆடும் எங்கள் மாணவர்கள் அங்கே அடித்த பந்தெல்லாம் பின்கோட்டைத் தாண்டியே விழுந்தது. முதல் செட்டை 21-9 என்று இழந்தோம். "கை சரியில்லை சார்" என்றான் ஒருவன். கையில் பிழை இல்லை. ஊரிலிருந்து கொண்டுபோன பந்தைச் சோதிக்காமல் ஆடியதே பிழை. இயற்பியல் கற்பிக்கும் எனக்கே அது தோன்றவில்லை!

காரணத்தைப் பார்ப்போம். ஓர் இறகுப்பந்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். (கம்பளி நூலால் ஆன பந்தைக் கொண்டு ஆடும் பூப்பந்து வேறு.) அரைக்கோள வடிவான தக்கையில் 16 இறகுகள் வட்டமாகச் செருகப்பட்டிருக்கும். நிறை 4.74 முதல் 5.50 கிராம் வரை இருக்கலாம் என்பது விதி. இறகு நுனிகள் அமைக்கும் வட்டத்தின் விட்டம் 58 முதல் 68 மில்லிமீட்டர். நிறையோ மிகக் குறைவு. காற்றை எதிர்க்கும் பரப்போ அதிகம். ஈர்ப்பு மையம் தக்கைப் பக்கமாக இருப்பதால், எப்படி அடித்தாலும் பந்து கண்ணிமைக்கும் முன் திரும்பி, தக்கை முன்னாகவே பறக்கும்.

உயரமான மாடியிலிருந்து அதைக் கீழே விட்டால் என்ன ஆகும்? வேகம் நொடிக்கு ஏறத்தாழ 6.7 மீட்டரை நெருங்கியதும் அதற்குமேல் கூடாது. அப்போது காற்றின் தடை பந்தின் எடைக்குச் சமமாகிவிடுகிறது. இதுவே முற்றுத் திசைவேகம். தடையோ வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் வளர்வது. எனவே நொடிக்கு 67 மீட்டர் வேகத்தில் அடித்த பந்தின்மேல் அதன் எடையைப்போல் 100 மடங்கு தடை செயல்படும்! கணக்கிட்டால், ஒவ்வொரு 3.2 மீட்டரைக் கடக்கும்போதும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. 2023இல் இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி, சோதனைக் கூடத்தில் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் அடித்து உலக சாதனை படைத்தார். நம் கணக்குப்படி அந்தப் பந்து 9.6 மீட்டர் போவதற்குள் ஏறத்தாழ 71 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கிவிடும். எதிராளி அதைத் திருப்பியடிக்க முடிவது இதனால்தான்.

ஆடுகளத்தின் நீளம் 13.4 மீட்டர், அகலம் இரட்டையருக்கு 6.1, ஒற்றையருக்கு 5.18 மீட்டர். வலையின் நடு உயரம் 1.524 மீட்டர். 2018இல் சர்வதேசப் போட்டிகளில் புகுத்தப்பட்ட விதிப்படி, சர்வீஸ் போடும்போது பந்து முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். வலை அதைவிட உயரம் அல்லவா? ஆகவே சர்வீஸை மேல்நோக்கித்தான் அனுப்ப முடியும். கீழ்நோக்கி அறைய முடியாது. 21 புள்ளி எடுத்தால் ஒரு செட். 20-20 என்றானால் இரண்டு புள்ளி முன்னிலை தேவை. 29-29 என்றானால் முப்பதாவது புள்ளி தீர்மானிக்கும். மூன்றில் இரண்டு செட் வென்றவர் வெற்றி.

நாங்கள் மறந்த விதி இதுதான். பின்கோட்டில் நின்று, பந்தைக் கீழிருந்து மேலாக முழு வீச்சில், பக்கக் கோட்டுக்கு இணையாக அடிக்க வேண்டும். அது எதிர்ப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்பாக விழுந்தால் பந்தின் வேகம் சரி. உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர் காற்றைச் சற்று அடர்த்தியாக்கினாலும், சமவெளியைவிட அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தடையும் அவ்வளவு குறையும். 3.2 மீட்டரில் பாதியாக வேண்டிய வேகம் 4 மீட்டரில்தான் பாதியாகும். பிறகு பந்து கோட்டுக்குள் விழுவது எப்படி? மலைப்பகுதிகளுக்கு வேகம் குறைந்த பந்தை வாங்க வேண்டும்.

எங்களிடம் அது இல்லை. உதகை மாணவன் ஒருவன் எங்கள் பந்தை வாங்கி, சில இறகுகளின் நுனியை வெளிப்புறமாக இலேசாக மடித்தான். பரப்புக் கூடியது, தடையும் கூடியது. சோதித்தோம், கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் விழுந்தது. இரண்டாம் செட்டையும் தோற்றோம், ஆனால் 21-18 என்று.