எடை ஏறாத மாதங்கள்

பெஞ்ச் பிரஸ்ஸில் 80 கிலோவிலேயே மாதக்கணக்கில் நின்றிருக்கிறேன். அதனால்தான் பட்டுக்கோட்டை ஜிம்மில் பையன்கள் "வெயிட் ஏறவே மாட்டேங்குதுண்ணே" என்று வந்து நிற்கும்போது மனசு கேட்பதில்லை. பெரும்பாலும் அதற்குள் அவர்கள் இன்னும் இரண்டு செட் கூட்டியிருப்பார்கள், இல்லையென்றால் புரோட்டீன் டப்பா வாங்கியிருப்பார்கள். நான் முதலில் கேட்பது: பகலில் என்ன வேலை, ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறாய்?

நம் ஊரில் இதைக் கேட்டே ஆகவேண்டும். தோப்பில் பகலெல்லாம் தேங்காய் சுமந்தவனுக்கும், தை மாசி சம்பா அறுவடையில் கண்விழித்தவனுக்கும் சாயங்கால ஜிம் இரண்டாவது கூலி வேலை. பயிற்சி தசையைக் களைப்பாக்குகிறது; பலம் ஊறுவது ஓய்வில். அறுவடை முடியும்வரை நான் எடை கூட்டுவதே இல்லை. வாரம் இரண்டு நாள், பாதி செட். இருக்கும் பலம் அதிலேயே நிற்கும்.

சாப்பாடும் அப்படித்தான். தட்டில் சோறு மலையாக இருக்கும், குழம்பில் இரண்டு துண்டு மீன். பலப் பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் நல்ல அளவு. 65 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 100 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் கிடைக்கும், நூறு கிராம் மீனில் 20 கிராம் அளவு. மல்லிப்பட்டினமும் அதிராம்பட்டினமும் பக்கத்திலேயே இருக்க, டப்பாவை நம்ப வேண்டியதில்லை.

தூக்கமும் சாப்பாடும் சரியாக இருந்தும் எடை நகரவில்லையா? இறங்குங்கள். 80-ல் நின்றால் 72-க்கு வந்து, சுத்தமாகத் தூக்கி, மெதுவாக ஏறுங்கள். இங்கேதான் ஒரு சிக்கல். பல ஜிம்களில் ஆகச் சின்ன பிளேட்டே இரண்டரை கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் ஒரே தாவலில் 5 கிலோ. ஸ்குவாட்டில் கால் அதைத் தாங்கிக்கொள்ளும். தலைக்கு மேல் 40 கிலோ தள்ளுகிறவருக்கோ அது எட்டில் ஒரு பங்கு, தோள் எப்படித் தாங்கும்? 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி சொந்தமாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு 80-ஐத் தாண்ட வைத்தது அந்த ஜோடிதான். எடை ஏறாத வாரத்தில் அதே எடையில் ஒரு ரெப் கூடினாலும் முன்னேற்றமே. நோட்டில் எழுதி வைத்தால்தான் அது கண்ணில் படும்.

பெஞ்ச் பிரஸ்ஸில் பார் எங்கே நிற்கிறது என்று போனில் படம்பிடித்துப் பாருங்கள். மார்பருகே நின்றால், மார்பில் ஒரு நொடி நிறுத்தித் தூக்கிப் பழகவேண்டும். பாதிக்கு மேல் நின்றால் மேல்கையின் பின்புறத் தசைக்கு வேலை கொடுக்கவேண்டும். பாரைக் கொஞ்சம் நெருக்கிப் பிடித்தாலே போதும்.

எண் இறங்குவது வெட்கமில்லை. பளுதூக்கும் வீரர் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018-ல் கோல்டு கோஸ்டில் தொடைக் காயத்தோடு தூக்கியது 317. பதினோரு கிலோ குறைவு, ஆனாலும் தங்கம். அவ்வளவு பெரிய வீரருக்கே எண் இறங்கும்.

தம்பிகளே, மூட்டில் வலி இருந்தால் எடையை வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஊசி போட்டால் ஏறும் என்று யாராவது ஆசை காட்டினால் அந்தப் பேச்சையே காதில் வாங்காதீர்கள். ஸ்டீராய்டு இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும், பிள்ளைப்பேற்றையும் பாதிக்கும்.