கூரைக்கு முன்னே மனை: கரிசல் சீமைக் குடும்பங்களுக்கு வீட்டு உதவித் திட்டங்கள் பற்றிய ஒரு வழிகாட்டி

வானம் பார்த்த பூமியாகிய இக்கரிசல் சீமையில் ஒரு மானாவாரி வெள்ளாமை பொய்த்துவிட்டாலும், தீப்பெட்டி ஆபீஸில் சில வாரங்கள் வேலை நின்றுவிட்டாலும், வாடகைப் பாக்கியும் வட்டியும் ஒருங்கே திரண்டு ஒரு குடும்பத்தை வீதியில் கொண்டுவந்து நிறுத்திவிடும் என்பதைக் கழுகுமலையிலும் கோவில்பட்டியிலும் வாழ்பவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அத்தகைய குடும்பங்களுக்கென்று சர்க்கார் வகுத்துள்ள சகாயத் திட்டங்கள் பல; ஆயினும், எத்திட்டம் அதிகப் பணம் தருகிறது என்று மட்டும் விசாரித்து, தமக்குப் பொருந்தாத மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு, ஆபீஸுக்கு ஆபீஸ் அலைந்து, கூலியையும் நம்பிக்கையையும் இழப்பவர்கள் அநேகர். தொகையைக் கடைசியில் பார்க்கலாம். மனையின் மீது உரிமை உண்டா, அவ்விடத்திலிருந்து பிழைப்புக்குப் போய்வர முடியுமா என்னும் இரண்டையுமே முதலில் பார்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் சாரம்.

வாசல் எந்த எல்லையில் இருக்கிறது?

கழுகுமலை ஒரு பேரூராட்சி. ஆகையால், அதன் எல்லைக்குள் குடியிருப்பவர்கள் நகர்ப்புறத் திட்டங்களுக்கே உரியவர்கள். சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளில் இருப்பவர்களோ ஊரகத் திட்டங்களுக்கு உரியவர்கள். இருவரும் ஒரே சந்தைக்கு வருபவர்களாகவும், ஒரே கோயில் தேரை இழுப்பவர்களாகவும் இருக்கலாம். ஆனால் ஒருவர் பேரூராட்சி அலுவலகத்துக்கும், மற்றவர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கும் போகவேண்டும். வீட்டுவரி ரசீதை எடுத்துப் பார்த்தால் இந்தச் சந்தேகம் உடனே தீர்ந்துவிடும்.

மனை யாருடையது?

சொந்தப் பட்டா உள்ளவர்களுக்கு ஏறக்குறைய எல்லா வாயில்களும் திறந்திருக்கின்றன. நத்தத்திலோ, ஆட்சேபணையற்ற புறம்போக்கிலோ நெடுங்காலமாகக் குடியிருப்பவர்கள், வீட்டுக்கு மனு எழுதுமுன் இலவச வீட்டுமனைப் பட்டாவுக்குத் தாசில்தாரிடம் மனுச் செய்வதே விவேகம். ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியும், திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டமும் அதற்குத் தக்க சந்தர்ப்பங்கள். கண்மாய், ஊருணி, ஓடை முதலிய நீர்நிலைப் புறம்போக்கில் இருப்பவர்கள் அந்த இடத்துக்கே பட்டா கிடைக்கும் என்று காத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை. மாற்று மனை கேட்டு எழுதுவதே அவர்களுக்கு வழி. கோயில் நிலத்தில் வாடகைதாரராக இருப்பவர்களும் அவ்வாறே வேறு மனையை நாட வேண்டும்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு

இங்கே ஒப்பிட வேண்டியவை பிரதானமாக இரண்டு. மத்திய, மாநில சர்க்கார்கள் சேர்ந்து நடத்தும் பிரதம மந்திரி ஊரக வீட்டுத் திட்டம், 1985இல் பிறந்த இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்தின் ஸ்தானத்தில் 2016இல் வந்தது. அதன் அடிப்படைத் தொகை 1.20 லட்சம் ரூபாய். அதில் மத்திய சர்க்கார் நூற்றுக்கு 60 பங்கும் மாநிலம் 40 பங்கும் ஏற்கின்றன. காங்கிரீட் கூரைக்கென்று தமிழ்நாடு தனியாகவும் பணம் சேர்க்கிறது. கழிப்பறைக்கு 12,000 ரூபாய் உண்டு. மற்றொன்று, குடிசைகளே இல்லாத தமிழ்நாட்டை உத்தேசித்து மாநில அரசு 2024-25இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம். எல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் கூரை.

தொகையில் பின்னதே பெரிது. ஆனால் அது குடிசையில் வாழ்வோருக்கே உரியது. பழைய ஓட்டு வீட்டில் ஒடுங்கியிருப்பவர்கள் அதற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது வீண். மத்திய திட்டமோ சர்க்கார் கணக்கெடுப்பின் பெயர்ப் பட்டியலைப் பின்பற்றுகிறது. பட்டியலில் பெயர் இருந்து முறை வந்துவிட்டவர்கள், பெரிய தொகையை எண்ணிக் கைக்கு வந்ததை விட்டுவிடக் கூடாது. கிராம சபையில் பட்டியல் வாசிக்கப்படும்போது தம் பெயரைத் தம் காதாலேயே கேட்டுவிட்டு வருவது ஒவ்வொரு குடும்பத்தின் கடமை.

பேரூராட்சியில் இருப்பவர்களுக்கு

சொந்த மனை உள்ளவர்கள், 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், தாமே கட்டிக்கொள்ளும் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். மத்திய சர்க்காரின் பங்கு 1.50 லட்சம், மாநிலத்தின் பங்கு குறைந்தது ஒரு லட்சம். வருஷ வருமானம் மூன்று லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இந்தியாவில் எங்கும் கெட்டிக் கட்டடமாக வீடு இருக்கக் கூடாது.

மனை இல்லாதவர்களுக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடி வீடு உண்டு. 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கிய ஸ்தாபனம் இது. கட்டும் சிரமம் இதில் இல்லை. ஆனால் பயனாளி தம் பங்குத் தொகையைக் கட்டவேண்டும், ஆடு மாடுகளுக்கு இடமிராது. சென்னையில் ஆற்றங்கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்ட குடும்பங்கள் நல்ல கூரை பெற்றும், வேலையும் பள்ளியும் தூரமாகிவிட்டதால் பட்ட கஷ்டம் நாடறிந்தது. ஆகவே, கையெழுத்திடுமுன் அவ்வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் பஸ் செலவைக் கணக்கிட்டே தீரவேண்டும்.

வேறு சில வாயில்கள்

கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர் முதலியோர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு பெற்றிருந்தால், சொந்த மனையில் வீடு கட்ட 4 லட்சம் ரூபாய் வரை கேட்க இடமுண்டு. பதிவைப் புதுப்பிக்க மறந்தவர்கள் இவ்வரிய உதவியை இழந்துவிடுவார்கள். ஊரகத்தில் பழைய சர்க்கார் திட்டங்களில் கட்டிய தொகுப்பு வீடு சிதைந்து போனவர்கள், புதுவீட்டை எதிர்பார்த்து இடியும் தளத்தின் கீழ்ப் படுத்திராமல், பழுதுபார்க்கும் திட்டத்தையே உடனே நாடுவது உயிருக்குக் காவல். தாப்பாத்தி முதலிய மறுவாழ்வு முகாம்களில் உள்ள இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு வழி வேறு; 2021இல் அறிவிக்கப்பட்ட 7,469 வீடுகள் முகாம் வழியாகவே வழங்கப்படுபவை.

கரிசல் மண்ணின் கணக்கு

மழையில் ஊதி, வெயிலில் பாளம் பாளமாய் வெடிக்கும் கரிசல் மண், ஆழமில்லாத அஸ்திவாரத்தை அசைத்துச் சுவரைக் கீறிவிடும். ஆதலால் கெட்டியான அடிநிலம் தட்டும் வரை தோண்டி, மணல் நிரப்பி, அடிமட்டத்தில் காங்கிரீட் பட்டை போட்டாலன்றி வீடு நிலைக்காது. செம்மண் சீமைக்கும் கரிசலுக்கும் சர்க்கார் தரும் தொகை ஒன்றே. அதுவும் தவணை தவணையாக, பெரும்பாலும் ஒவ்வொரு கட்ட வேலை முடிந்த பின்னரே வருகிறது. அதிகச் செலவாகும் அஸ்திவாரத்தைப் போடும்போது கையில் பணமிராது என்பதே இங்குள்ள அபாயம். அந்த இடைவெளியில்தான் கந்துவட்டி நுழைகிறது. மகளிர் சுயஉதவிக் குழுவிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கடனுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு, வீட்டின் அளவைச் சுருக்கி அஸ்திவாரத்தைப் பலப்படுத்துவதே உத்தமம்.

இருக்கும் கூரையைக் காப்பது

வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்தால், பயந்து சாமான்களைத் தூக்காதீர்கள். 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, வெளியேற்றுமுன் விளக்கம் கேட்டாக வேண்டும், மேல்முறையீடும் உண்டு. பெண்களும் ஆதிதிராவிட, பழங்குடி மக்களும் வருமானம் எதுவாயினும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீலை இலவசமாகப் பெறலாம். 2023 டிசம்பர் பெருவெள்ளத்தின்போது இத்தூத்துக்குடி மாவட்டத்தில், முழுதும் இடிந்த வீட்டுக்கு 4 லட்சம் வரையிலும், பழுதான வீட்டுக்கு 2 லட்சம் வரையிலும் அரசு அறிவித்தது. இத்தகைய நிவாரணத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரின் சேதக் கணக்கே ஆதாரமாகையால், இடிபாட்டை அகற்றுமுன் அவரிடம் காட்டிப் பதியச் செய்யவேண்டும்.

முடிவாக

பட்டாவும் குடிசையும் உள்ள கிராமத்தார் கனவு இல்லத்தையும், பட்டியலில் பெயருள்ளவர் மத்திய திட்டத்தையும், மனையுள்ள கழுகுமலைவாசி நகர்ப்புறத் திட்டத்தையும், மனையற்றவர் முதலில் பட்டாவையும், அது அசாத்தியமானால் வேலைக்கு அருகிலுள்ள வாரிய வீட்டையும் தேர்வாராக. எதைத் தேர்ந்தாலும், மனையும் வீடும் குடும்பத் தலைவியின் பெயரிலோ, அவர் பெயரும் சேர்ந்தோ இருக்கட்டும். இவ்வாண்டு ஒதுக்கீடு வந்ததா என்று கேட்டு, மனுவுக்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இவ்வுதவிகள் தயவாக அளிக்கப்படும் பிச்சையல்ல. வரி செலுத்தும் ஜனங்களின் பணத்தில் ஜனங்களுக்காக வகுக்கப்பட்ட உரிமைகளாகையால், தலைநிமிர்ந்தே கேட்கலாம்.