உதிரித் தேயிலைத் தூளின் தரம் அறிவீர்

குடியாத்தம் வட்டாரத்தில் தேயிலை விளைவதில்லை. ஆயினும் நடவு, களையெடுப்பு, அறுவடை நாட்களில் ஆட்களுக்குத் தேநீர் வைக்க உழவர்கள் பலர் கடையில் நிறுத்துத் தரும் உதிரித் தூளையே கிலோ கணக்கில் வாங்குகின்றனர். "சாயம் நன்றாக இறங்கினால் நல்ல தூள்" என்று எண்ணுவது தவறு. காய்ச்சிய சக்கையை உலர்த்தி, சாயமேற்றி விற்பவர்களுக்கு இந்த எண்ணமே துணை. இதனால் உங்கள் பணமும் உடல்நலமும் கெடுகின்றன. நீலகிரியில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்துத் தரும் சிறு விவசாயியும் நட்டமடைகிறார்.

கண்ணாலும் கையாலும் அறிதல்

நல்ல தூள் கருமையாகவோ கரும்பழுப்பாகவோ, ஒரே அளவாக இருக்கும். செந்நிற நாரும் காம்பும் மிகுந்தால் சாறு குறைவு. விரலால் நசுக்கினால் மொறுமொறுப்பாக நொறுங்க வேண்டும். நமுத்துப் பூசண வாடை அடித்தால் வாங்காதீர்கள். பொடியாக இருப்பது மட்டும் குறையன்று. பொடித்தூள் விரைவில் இறங்கும், குருணைத்தூள் மெல்ல இறங்கும்.

சாயச் சோதனை

வடிதாள் அல்லது மை ஒற்றும் வெள்ளைத் தாளில் சிறிது தூளைப் பரப்பிக் குளிர்ந்த நீரைத் தெளியுங்கள். உடனே நிறம் பரவி, தாளைக் கழுவிய பின்னும் கறை நின்றால் அது சாயமேற்றிய தூள்.

காந்தச் சோதனை

தூளைத் தாளில் பரப்பிக் காந்தத்தை மேலே நகர்த்துங்கள். ஆலை உருளைகள் தேய்வதால் மிகச் சிறிதளவு இரும்புத்துகள் வரலாம். சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 150 மில்லிகிராம். காந்தத்தில் கொத்தாக ஒட்டினால் தூளைத் தள்ளிவிடுங்கள்.

வடித்துப் பார்த்தல்

2 கிராம் தூளில் 100 மில்லி கொதிநீர் ஊற்றி, மூடி, 6 நிமிடம் கழித்து வடியுங்கள். பாலும் சர்க்கரையும் வேண்டாம். வடிநீர் பளிச்சென்ற செம்பொன் நிறத்தில், நாவில் சுறுக்கென்ற துவர்ப்புடன் இருக்க வேண்டும். ஆறியதும் கலங்கினால் அஞ்ச வேண்டாம்; அது சத்துள்ள தூளின் அடையாளம்.

தண்ணீரைக் கவனியுங்கள்

தோல் பதனிடும் ஆலைக் கழிவால் பாலாற்றுப் படுகையில் பல கிணறுகள் உவர்ப்பாகிவிட்டன. கடின நீரில் நல்ல தூளும் மங்கலாகும். மேலே ஆடை போல் படலம் கட்டும். எனவே மழைநீரிலோ நல்ல குடிநீரிலோ சோதித்த பிறகே தூளைக் குறை கூறுங்கள்.

சேமிப்பு

தேயிலை ஈரத்தையும் வாடையையும் விரைவில் ஈர்க்கும். இறுக மூடும் டப்பாவில், மண்ணெண்ணெய், சோப்பு, பெருங்காயம், பூச்சிமருந்து ஆகியவற்றுக்கு அப்பால் வையுங்கள்.

கலப்படம் என்று ஐயுற்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவியுங்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய கட்டணம் செலுத்தி நீங்களே மாதிரியைப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். புதிய கடையில் முதலில் 100 கிராம் மட்டும் வாங்கிச் சோதியுங்கள். தேறினால் கிலோவாக வாங்குங்கள்.