முகத்துக்குப் போடும் ஊசி: கோர்ஸில் சேருமுன் களைய வேண்டிய நம்பிக்கைகள்

பகலில் அரச வைத்தியசாலையிலும் மாலையில் சொந்தக் கிளினிக்கிலும் வேலை செய்யும் கல்முனைப் பக்கத்து இளம் வைத்தியர்களின் கைபேசிக்கு ஒரே மாதிரியான விளம்பரங்கள் வந்துகொண்டிருக்கின்றன. இரண்டே நாளில் போட்டொக்ஸ், ஃபில்லர் பயிற்சி, கையோடு சர்வதேசச் சான்றிதழ். கொழும்பு, சென்னை, துபாய், கோலாலம்பூர் என்று இடம் மாறும், வாக்குறுதி மாறாது. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கலியாணத்துக்கும் பெருநாளுக்கும் முகத்துக்கு ஏதாவது செய்துகொள்ள விரும்புவோர் பெருகிவருகிறார்கள். தகுதியுள்ள வைத்தியர்கள் இந்தத் துறையைப் படிக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. படிக்காதவர் கைக்கு இந்த முகங்கள் போவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் எந்தக் கோர்ஸ் என்று தெரிவுசெய்யும்போது நம்மிடையே புழங்கும் சில நம்பிக்கைகள் நோயாளியின் கண்ணையே பறிக்கக்கூடியவை.

நம்பிக்கை: எம்.பி.பி.எஸ். முடித்தவருக்கு ஊசி புதிதா? இரண்டு நாள் தாராளம்.

ஊசி பழகியதுதான். முகத்தின் ஆழம் பழகியதல்ல. மருத்துவ பீடத்தில் ஆரம்ப வருடங்களில் படித்த முக உடற்கூறு, பத்து வருடம் டெங்குவும் நீரிழிவும் பார்த்த பிறகு எவ்வளவு நினைவில் நிற்கும்? புருவங்களுக்கு நடுவிலும் மூக்கின் மேற்புறத்திலும் ஓடும் சிறு நாடிகள் பல, கண்ணுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியின் கிளைகள். ஃபில்லர் ஊசியின் முனை அப்படியொரு கிளைக்குள் இறங்கி, கை தரும் அழுத்தம் நாடியின் அழுத்தத்தை மிஞ்சினால் ஜெல் பின்னோக்கி ஓடும். கை தளர்ந்ததும் இரத்தம் அதை முன்னே தள்ளிக்கொண்டு போய் விழித்திரைக்குரிய நாடியில் அடைக்கும். ஊசி போட்டுக்கொள்ளும் பெண் கதிரையில் இருந்தபடியே பார்வையை இழப்பாள்.

கனடாவைச் சேர்ந்த தோல் வைத்திய நிபுணர் கேட்டி பெலெஸ்னேயும் அவரது குழுவினரும் மருத்துவ இதழ்களில் பதிவான இத்தகைய சம்பவங்களை 2015இல் தொகுத்தபோது 98 பேர் கணக்கில் வந்தார்கள். 2019இல் வெளியிட்ட தொடர்ச்சியில் மேலும் 48 பேர். முதல் தொகுப்பில் அதிகமானோருக்கு ஊசி போடப்பட்ட இடம் புருவ நடு, அடுத்தது மூக்கு. எத்தனை கோடி ஊசிகளுக்கு இத்தனை என்று பார்த்தால் அரிதுதான். ஆனால் அந்த அரிய ஒருவர் உங்கள் கதிரையில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்பதைக் கற்பிக்காத பயிற்சியை நான் பயிற்சியென்றே ஏற்கமாட்டேன்.

இரண்டு நாள் கோர்ஸில் பலர் கவனிக்காத இன்னொரு குறை இருக்கிறது. போட்டொக்ஸ், நரம்பு நுனியில் அசிற்றைல்கோலின் வெளிவருவதைத் தடுத்துத் தசையைத் தளரவைக்கிறது. அது வேலைசெய்யத் தொடங்க இரண்டு மூன்று நாள் ஆகும். முழு விளைவும் தெரிய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதாவது, நீங்கள் போட்ட முதல் ஊசி பலித்ததா, கண் இமை தொங்கிவிட்டதா, ஒரு புருவம் மட்டும் மேலே ஏறிவிட்டதா என்று தெரியுமுன்பே கோர்ஸ் முடிந்து, சான்றிதழோடு படம் எடுத்து, கல்முனை பஸ் ஏறிவிடுகிறீர்கள். போட்டொக்ஸின் அழகுப் பயன்பாடே நோயாளியைத் திரும்பப் பார்த்ததால் கிடைத்தது. 1987இல் கனடாவின் வான்கூவரில், கண் இமைத் துடிப்புக்கு இந்த ஊசியைப் பெற்றுவந்த ஒருவரின் நெற்றிச் சுருக்கம் மறைந்திருந்ததைக் கவனித்தவர் கண் வைத்தியர் ஜீன் கரூதர்ஸ். தோல் வைத்தியரான கணவர் அலஸ்டெயரோடு அவர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது 1992இல். அமெரிக்காவில் அழகுப் பயன்பாட்டுக்கு அனுமதி கிடைத்தது 2002இல்.

ஆகவே பணம் கட்டுமுன் கேளுங்கள். எத்தனை முகங்களில் என் கையால் போடுவேன்? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? நான் ஊசி போட்டவரை இரண்டு வாரத்துக்குப் பிறகு பார்க்க வழியிருக்கிறதா? பதினைந்து பேர் சுற்றி நிற்க ஒருவர் செய்துகாட்டுவது காட்சி. இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில், முடி மாற்றுச் சிகிச்சை உள்ளிட்ட அழகியல் சிகிச்சைகள் பற்றிய வழிகாட்டலில், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்தது மட்டும் போதிய பயிற்சி ஆகாது என்று எழுத்திலேயே சொல்லிவிட்டது.

நம்பிக்கை: ஃபில்லர் சரிவராவிட்டால் கரைத்துவிடலாம், பயமில்லை.

கரைக்கலாம், அது ஹயலூரோனிக் அமில ஃபில்லராக இருந்தால். ஹயலூரோனிடேஸ் என்ற நொதி அதை மட்டுமே கரைக்கும். ரேடியஸ் போன்ற கல்சியம் சார்ந்தவற்றையும், ஸ்கல்ப்ட்ரா போன்ற பொலிலக்ரிக் அமிலம் சார்ந்தவற்றையும் அது தொடாது. உடலிலிருந்தே எடுத்துப் போடும் கொழுப்பும் கரையாது. பெலெஸ்னே தொகுத்த முதல் 98 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் போடப்பட்டது அவர்களுடைய சொந்தக் கொழுப்புத்தான்.

கரைக்கக்கூடியதாக இருந்தாலும் நேரம் யாருக்காகவும் நிற்காது. தோல் திடீரென வெளுப்பது, பிறகு வலைப்பின்னல்போல் நீலம் படர்வது, அழுத்திவிட்டால் நிறம் திரும்பத் தாமதிப்பது, அளவுக்கு மீறிய வலி ஆகியவை நாடி அடைபட்டதற்கான அறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன் நொதியைத் தாராளமாக, திரும்பத் திரும்பப் போட வேண்டும். அது உங்கள் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தால்தான் போடலாம். கொழும்பில் நடக்கும் கோர்ஸில், மருந்து முடிந்தால் பத்து நிமிடத்தில் எடுப்பித்துவிடலாம். சாய்ந்தமருதில் ஒரு மாலைக் கிளினிக்கில் அது நடக்காது. அந்த நேரத்தில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலா, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலா, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலா கண் வைத்திய நிபுணர் கடமையில் இருக்கிறார் என்பதை முதல் நோயாளிக்கு ஊசி போடுமுன்பே நீங்கள் அறிந்திருக்க வேண்டும். இந்த அவசரத்தை ஒத்திகை பார்க்கவைக்கும் கோர்ஸா என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி. உதட்டை எவ்வளவு அழகாக நிரப்பக் கற்பிக்கிறார்கள் என்பது அதற்குப் பிறகுதான்.

நம்பிக்கை: எல்லாம் போட்டொக்ஸ்தான், யூனிட் என்றால் யூனிட்தான்.

போட்டொக்ஸ் ஒரு கம்பனியின் வணிகப் பெயர். டிஸ்போர்ட், ஸியோமின் என்று வேறு தயாரிப்புகளும் இருக்கின்றன. ஒன்றின் யூனிட்டை மற்றதன் யூனிட்டாகக் கணக்குப் போடக் கூடாது. போட்டொக்ஸில் புருவ நடுவுக்கு அங்கீகரிக்கப்பட்ட அளவு 20 யூனிட், ஐந்து இடங்களில் நான்கு நான்காக. 100 யூனிட் புட்டியில் 2.5 மில்லிலீற்றர் சேலைன் கலந்தால் 0.1 மில்லிலீற்றரில் 4 யூனிட் இருக்கும். இந்தக் கணக்கை ஒரு தயாரிப்புக்கு மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு வந்து, மலிவாகக் கிடைத்த வேறொன்றுக்கு அப்படியே பொருத்துபவர் அளவைத் தவறவிடுவார். கோர்ஸை நடத்துவது ஒரு விற்பனை முகவர் என்றால், அவர் விற்கும் புட்டி ஒன்றைத்தான் உங்களுக்கு அறிமுகப்படுத்துவார். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு போங்கள் என்கிறேன்.

புட்டி எங்கிருந்து வருகிறது என்பது அதைவிடப் பெரிய விஷயம். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவு அதற்கு வேண்டும். ‘தெரிந்தவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து பேக்கில் கொண்டுவருவார்’ என்று ஒரு பயிற்றுநர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். திறக்காத போட்டொக்ஸ் புட்டி 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டியது. விமானப் பையிலும் இரவு பஸ்ஸிலும் அது என்ன வெப்பத்தில் வந்தது என்று யாருக்குத் தெரியும்? 2022இன் நீண்ட மின்வெட்டுகளை அனுபவித்த நமக்கு, குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்று மின்சாரம் ஏன் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை.

2004 நவம்பரில் அமெரிக்காவின் புளோரிடாவில் போட்டொக்ஸுக்குப் பதிலாக, மனிதருக்குப் பயன்படுத்தக் கூடாதென்று விற்கப்பட்ட ஆய்வுகூட நச்சைப் போட்டுக்கொண்ட நான்கு பேர் செயற்கைச் சுவாசத்தில் கிடந்தார்கள். ஊசி போட்டவர் உரிமம் இடைநிறுத்தப்பட்ட ஒரு வைத்தியர், அந்த நால்வரில் அவரும் ஒருவர். 2024 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 11 மாநிலங்களில் 22 பேருக்கு நேர்ந்த பாதிப்புப் பற்றி எச்சரித்தது. அனைவரும் உரிமமோ பயிற்சியோ இல்லாதவர்களிடம், அல்லது வைத்திய நிலையமல்லாத இடங்களில், ஊசி போட்டுக்கொண்டவர்கள். சிலருக்குப் போடப்பட்டது போலி மருந்து.

நம்பிக்கை: சர்வதேசச் சான்றிதழ் இருந்தால் நிபுணர்.

சுவரில் மாட்டலாம். இலங்கை மருத்துவ சபையில் உங்கள் பதிவு எதுவோ அதுவேதான் தொடரும். தோல் வைத்திய நிபுணர் ஆவதற்குக் கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் பல வருடப் பயிற்சி இருக்கிறது, வார இறுதிக் கோர்ஸ் அதற்குக் குறுக்குவழி ஆகாது. தொடர் கல்விப் புள்ளி தருகிறோம் என்பதும் ஊசி போட அனுமதி தருகிறோம் என்பதும் வேறுவேறு. கிளினிக்கைத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிய வேண்டியதும் அப்படியே இருக்கும். கட்டணம் கூடினால் தரமும் கூடும் என்பதும் இந்த வகைதான். ஹோட்டல் மண்டபத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள்.

நம்பிக்கை: ஹலாலா ஹராமா என்பது வைத்தியருக்கான கேள்வி அல்ல.

நம் ஊரில் அது முதல் கேள்வி. ‘டொக்டர், இதில என்ன கலந்திருக்கு?’ என்று கேட்பவருக்குப் பதில் தெரியாமல் நிற்பது சம்மதம் பெறுவதிலேயே குறை வைப்பது. மலேசியாவின் தேசிய ஃபத்வா சபை 2006இல் அழகுக்காகப் போட்டொக்ஸ் போடுவது கூடாதென்றும் மருத்துவத் தேவைக்கு விலக்கு உண்டென்றும் அறிவித்தது. தீர்ப்பை உலமாக்களிடம் விட்டுவிடுவோம், புட்டியில் இருப்பதைச் சொல்வது நம் கடமை. போட்டொக்ஸில் மனித இரத்தத்திலிருந்து பிரித்த அல்புமின் இருக்கிறது. டிஸ்போர்ட்டில் அதோடு லக்டோஸும் உண்டு, அதில் பசும்பால் புரதத்தின் எச்சம் இருக்கலாம் என்பதால் பால் புரத ஒவ்வாமை உள்ளவருக்கு அது ஆகாது. இன்றைய ஹயலூரோனிக் ஃபில்லர்கள் பெரும்பாலும் பற்றீரியா நொதிப்பில் உருவாகின்றவை. கொலாஜின் என்றால் மாடா பன்றியா என்று கேட்டே ஆக வேண்டும். இதையெல்லாம் பாடத்தில் வைத்திருக்கும் கோர்ஸ் நம் கரைக்கு உகந்தது.

படங்களும் அப்படித்தான். ‘முன், பின்’ படங்களைப் பேஸ்புக்கில் போட்டுத் தொழிலைப் பெருக்கும் வழியைப் பல கோர்ஸ்களில் கற்பிக்கிறார்கள். கண்ணை மட்டும் கறுப்புப் பட்டியால் மறைத்தால் நிந்தவூரில் யாருக்கு அடையாளம் தெரியாது? முகத்தை மூடி வெளியே வரும் பெண்ணின் படம் யாருடைய கைபேசியில் எவ்வளவு காலம் இருக்கும், பரிசோதனையின்போது அறையில் இன்னொரு பெண் இருப்பாரா, கோர்ஸுக்கு மாதிரியாக வருபவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குகிறார்களா என்று கேளுங்கள்.

நம்பிக்கை: அதே கோர்ஸில் வெள்ளையாக்கும் ஊசியும் படித்துவிட்டால் இலாபம்.

குளுட்டதயோனை நரம்பில் ஏற்றித் தோலை வெளுக்கவைக்கும் முறைக்கு எதிராகப் பிலிப்பைன்ஸின் உணவு, மருந்து நிர்வாகம் 2011இலேயே எச்சரிக்கை விடுத்தது. கடுமையான தோல் எதிர்வினைகளும் சிறுநீரக, தைரொயிட் பாதிப்புகளும் அதில் சொல்லப்பட்டன. இதைச் சாதாரண பாடம்போல் சேர்த்திருக்கும் கோர்ஸின் மற்றப் பாடங்களையும் நான் நம்பமாட்டேன்.

கடைசியாக ஒன்று. நல்ல பயிற்றுநர் எப்போது போடக் கூடாது என்பதற்கும் நேரம் ஒதுக்குவார். மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு தசை நோய் உள்ளவர், கர்ப்பிணி, பாலூட்டும் தாய், ஊசி போடும் இடத்தில் தொற்று இருப்பவர் ஆகியோரை மட்டும் சொல்லி நிறுத்தமாட்டார். வெள்ளிக்கிழமை கலியாணம் என்று செவ்வாய்க்கிழமை மாலை உம்மாவோடு வந்து நிற்கும் மணமகளையும் சொல்வார். போட்டொக்ஸ் முழுதாகப் பிடிக்க அவளுக்கு நாள் போதாது. ஃபில்லரால் கண்டிப்போகும் தோல் ஒரு வாரத்துக்கு மேலும் நீலமாக இருக்கலாம். அவளிடம் ‘இப்ப வேணாம் மகள், கலியாணம் முடிஞ்சு ஆறுதலா வாங்க’ என்று சொல்லி அனுப்பப் பழக்கும் பயிற்றுநர் கிடைத்தால், ஊர் எவ்வளவு தூரமானாலும் அங்கே போய்ப் படியுங்கள்.