கெட்டி மேளத்துக்கு முன்னால்

அன்புள்ள மருமகளுக்கு,

எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். கையில் இருப்பதே போதும். பின்னால் வசதிப்பட்டால் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தை அது சமாளித்துவிடும். ஆவணியில் திருச்சியில் உன் சித்தி மகள் கல்யாணம் வருகிறதே, அதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

"உனக்குத்தான் படம் எடுக்கத் தெரியுமே, போட்டோகிராபருக்கு எதற்குத் தண்டச்செலவு?" என்று வீட்டில் யாராவது ஆரம்பிப்பார்கள். ஒத்துக்கொள்ளாதே. தொழிலாக எடுப்பவர் இரண்டு கேமரா, மாற்று பேட்டரி, கூட ஓர் ஆள் என்று வருவார். ஒன்று நின்றுபோனால் இன்னொன்று ஓடும். முகூர்த்தத்தை இன்னொரு தடவை நடத்தச் சொல்ல முடியுமா? அவருக்குக் குறுக்கே போகாமல், அவருக்கு நேரமில்லாததை நீ எடு.

ஆனாலும் தாலி கட்டுவதை எடுக்காமல் உன்னால் இருக்க முடியாது, தெரியும். முதல் நாள் ராத்திரியே மேடையில் ஏறி இடம் பார்த்து வை. எதிரே நின்றால் வீடியோக்காரரின் முதுகுதான் கிடைக்கும். மாப்பிள்ளை கையைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோகும்போது பெண்ணின் முகம் அந்தக் கைகளுக்குள் மறைந்தும்விடும். மேடை ஓரத்தில், பெண்ணின் பக்கமாக, சம்மணம் போட்டுக் கீழே உட்கார்ந்துவிடு. சொந்தக்காரர்கள் எல்லாரும் எழுந்து குனியும்போது, அவர்கள் கைகளுக்குக் கீழே உனக்கு வழி இருக்கும்.

நொடியைக் கண்ணால் துரத்தாதே. ஐயர் விரலை உயர்த்திக் கெட்டி மேளம் கேட்பார். அந்த விரலுக்காகத்தான் தவில்காரரும் காத்திருப்பார். அவர் கை குச்சியை இறுக்கிப் பிடிப்பதைப் பார்த்ததுமே உன் விரல் பட்டனில் இருக்கட்டும். ஷட்டர் 1/500 வைத்தால் அட்சதை காற்றில் மணி மணியாக நிற்கும். ஐ.எஸ்.ஓ. 3200-க்கு ஏறினால் ஏறட்டும், படம் கொஞ்சம் பொரிபொரியாக இருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. சத்தம் வரக்கூடாதென்று சைலன்ட் ஷட்டரைப் போட்டுவிடாதே. மண்டபத்து எல்.இ.டி. விளக்குகள் பல கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பவை. படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழும். மேடைக்குப் பின்னால் ஊதா விளக்கு எரிந்தால் முகூர்த்த நேரத்துக்கு மட்டும் அணைக்கச் சொல்லி டெக்கரேஷன்காரரிடம் முன்கூட்டியே கேள். பெண்ணின் ஒரு கன்னம் மஞ்சளாகவும் இன்னொன்று ஊதாவாகவும் வந்தால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சரிசெய்வது பெரும்பாடு.

உனக்கான படங்கள் மேடைக்கு வெளியேதான். நாதஸ்வரக்காரர் வாசிக்கத் தொடங்குமுன் பக்கத்தில் போய் உட்கார். வாத்தியத்தின் வாயருகே நூலில் நாலைந்து மாற்றுச் சீவாளிகளும், அவற்றைக் குத்திச் சீராக்கும் ஊசியும் கொத்தாகத் தொங்கும். ஒவ்வொன்றாக உதட்டில் நனைத்து ஊதிப் பார்த்து, ஒன்றை ஒதுக்கி, இன்னொன்றைச் செருகுவார். கல்யாண ஆல்பங்களில் நான் இந்தக் காட்சியைப் பார்த்ததே இல்லை. மொய் எழுதுபவரையும் எடு. நோட்டில் தொகை தெரியாதபடி எடு, இல்லாவிட்டால் அடுத்த பத்து வருஷத்துக்கு அந்தப் படம் குடும்பத்தில் சாட்சியாக நிற்கும்.

கல்யாணம் முடிந்த மறுநாள் மலைக்கோட்டை ஏறு. 400-க்கு மேல் படிகள், தண்ணீர் எடுத்துக்கொள். நடை சாத்தும் நேரத்தைக் கீழேயே கேட்டுக்கொள். சந்நிதிகளில் கேமராவை வெளியே எடுக்காதே. உச்சியில் வடக்கே பார்த்தால் காவிரி, அதற்கு அப்பால் மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். 1987-ல் கட்டி முடித்தது, 13 நிலை, 236 அடி. அவ்வளவு உயரமும் உன் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டால் படத்தின் உயரத்தில் ஏறத்தாழ பதினான்கில் ஒரு பங்குதான் வரும். 200 மி.மீ. போட்டால் கால் பங்குக்கு மேல் எழுந்து நிற்கும். அந்த லென்ஸ் என்னிடம் இருக்கிறது, வாங்கிக்கொண்டு போ.

மலையிலிருந்து நமக்குத் தெரிவது கோபுரத்தின் தெற்கு முகம். ஆவணியில் சூரியன் மேற்கிலிருந்து சற்று வடக்கே ஒதுங்கி மறைவதால் அந்தி வெயில் அதில் படாது. தங்க நிறத்தில் வேண்டுமென்றால் மார்கழியில்தான் வர வேண்டும். அப்போது சூரியன் தென்மேற்கில் இறங்கும், கோபுரம் பளிச்சென்று இருக்கும். ஆவணியில் போகிற நீ, சூரியன் மறைந்த பிறகு வரும் நீல வெளிச்சத்தை நம்பு. அந்த நேரத்தில் தெருவிளக்கும் வானமும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கும். நம் ஊரில் அது இருபது நிமிஷம்கூடத் தாங்காது. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்திருந்தால் இருட்டிவிடும். முக்காலி விரிக்க விடாவிட்டால் கைப்பிடிச் சுவரில் துண்டை மடித்து வைத்து, அதன்மேல் கேமராவைப் பதித்து, இரண்டு நொடி டைமரில் எடு. முதல் நாள் மழை பெய்திருந்தால் நீ அதிர்ஷ்டக்காரி, தூசியெல்லாம் அடங்கி கோபுரம் பக்கத்தில் வந்ததுபோல் இருக்கும்.

நாதஸ்வரக்காரரின் போன் நம்பரை முகூர்த்தத்துக்கு முன்பே வாங்கி வை. அடுத்த மண்டபத்துக்கு ஓடிவிடுவார்கள். அவர் படத்தைப் பிரிண்ட் போட்டே கொடு. கோபுரப் படத்தை எனக்கு மெயிலில் முழு அளவில் அனுப்பு, வாட்ஸப் அதைச் சுருக்கிக் கெடுத்துவிடும்.

அன்புடன்,
மாமா